வெண்டெல் தவறவிட வேண்டிய மான்

மனித குலம் நிமிர்ந்து நின்றது நடப்பதற்காக அல்ல, வில்லை வளைப்பதற்காக. நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்த சில்லறைச் சமாச்சாரங்கள். நாணைக் கன்னம்வரை இழுத்து ஒரு மூச்சு அசையாமல் நிற்கத் தெரிந்தவன் தன்னை அறிந்தவன். மற்றவனெல்லாம் அவன் வேட்டையில் மிஞ்சியதைத் தின்று பெருகியவன்.

இப்படிச் சொல்லிவந்தவர் வெண்டெல் ஹௌட்டலா. அவருடைய தொழிலோ மனித குலம் படுத்துக்கிடப்பதை நம்பி நடப்பது. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், பெரிய ஏரியை ஒட்டிய அந்த ஊரில், சுற்றுவட்டாரத்துக்கே ஒரே மெத்தைக் கடை அவருடையது. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் அவருடைய நெடுவில் மாட்டியிருக்கும். மெத்தை வாங்க வந்தவர் முதுகுவலி என்று வாயைத் திறந்தால் போதும். வில்லை இழுக்கும்போது இரண்டு தோள்பட்டைகளும் எப்படி ஒன்றை ஒன்று நெருங்க வேண்டும் என்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வெளியே போக முடியும். சிலர் மெத்தை வாங்காமலே போனார்கள்.

ஊரில் நெடுவில்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். கப்பியும் கம்பியும் பூட்டி, பொத்தானைத் தட்டினால் அம்பு போகிற சக்கர வில்காரர்களை அவர்கள் வேட்டைக்காரர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இழைத்த மரம், முறுக்கிய நாண், மூன்று விரலுக்கு ஒரு தோல் உறை. இதற்கு மேல் ஒரு பொருள் கையில் இருந்தால் அது வேட்டை இல்லை, மளிகைக் கடைக்குப் போவது என்பது சங்கத்தின் கொள்கை. சக்கர வில்காரர்கள் வருடா வருடம் காட்டிலிருந்து மானோடு திரும்பினார்கள். சங்கத்துக்காரர்கள் கொள்கையோடு திரும்பினார்கள்.

இந்தச் சங்கத்துக்குப் பல வருடமாக வெண்டெல்தான் தலைவர். கோடையில் புதியவர்களுக்கு வில் பழக்குவதும் அவரே. கடையின் பின்முற்றத்தில், ஜனங்கள் புதிது வாங்கும்போது கழித்துவிட்டுப் போன பழைய மெத்தைகளை நான்கைந்தாகச் சேர்த்து நிறுத்தி வைப்பார். புதியவர் அதிலிருந்து மூன்றே எட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கால்கள் தோள் அகலம். வில் பிடிக்கும் கை கதவைத் தள்ளுகிற மாதிரி, இறுக்கக் கூடாது. நாணைக் கையால் இழுக்கக் கூடாது, முதுகால் இழுக்க வேண்டும். நடுவிரல் வாயின் ஓரத்தைத் தொட்டதும் நிற்க வேண்டும். பிறகு விரல்களை விரிக்கக் கூடாது, மறந்துவிட வேண்டும். அம்பு மெத்தையில் போய்க் குத்தும்வரை வில் பிடித்த கை இறங்கவே கூடாது. இதெல்லாம் சரியான பாடம்தான். எந்த வில்காரரும் இதில் குற்றம் சொல்ல மாட்டார்.

கடைசியாக ஒன்று. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

இதுவும் ஊர் உலகத்தில் உள்ளதுதான். முதல் சில நாட்கள் கண்ணை மூடிக்கொண்டு குறியில்லாமல் எய்தால் உடம்பு தன் வேலையைத் தானே கற்றுக்கொள்ளும். மற்ற இடங்களில் இரண்டு வாரம் கழித்துக் கண்ணைத் திறக்கச் சொல்லி ஒரு காகிதத் தட்டைக் குறியாக ஒட்டிவிடுவார்கள். வெண்டெல் ஒட்டவே இல்லை. கோடை முழுக்கப் புதியவர்கள் மெத்தைகளுக்கு முன்னால் கண்ணை மூடியபடி நின்றார்கள். ஜூலைக்குள் பாதிப் பேர் மீன்பிடிக்கப் போய்விட்டார்கள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிற மார்சி மட்டும் விடாமல் வந்தாள். நாற்பது வயது, கணவனை விட்டு வந்தவள், ஒரு காரியத்தைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் அடுத்தது. ஆகஸ்டில் ஒருநாள் அவள் கேட்டாள்.

“குறி எப்ப வைப்பீங்க?”

“குறி வேணும்ங்கிற நெனப்பே உனக்கு வராத அன்னிக்கு வைப்பேன்.”

மார்சி இதை யோசித்துப் பார்த்தாள். “அப்ப எதுக்கு வைக்கணும்?” என்றாள். வெண்டெல் புன்னகைத்தார். பதில் இல்லாத இடங்களில் அவர் புன்னகைப்பது வழக்கம். அதைப் பார்த்துத்தான் சங்கத்தில் பாதிப் பேர் அவரை ஆழமானவர் என்று நினைத்தார்கள்.

வில்காரர்களுக்கு வருகிற ஒரு கோளாறு உண்டு. அதற்குப் பெயரும் உண்டு, ஆனால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ‘அது’ என்பார்கள். “பாவம், அவனுக்கு அது வந்துடுச்சு.” அது வந்தவருக்கு வில்லில் குறையில்லை, கண்ணில் குறையில்லை, கையிலும் குறையில்லை. குறி என்று ஒன்று எதிரில் வந்ததும் வில் பிடித்த கை குறிக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் நின்றுவிடும். மேலே ஏறாது. நாணைப் பிடித்த விரல்கள் கல்லாகிவிடும். வேர்த்துக் கொட்டும். கண்ணை மூடினால் ஒன்றுமே இல்லை, எல்லாம் வெண்ணெய் மாதிரி.

வெண்டெலுக்கு அது வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

தெரிந்தவள் அவர் மனைவி லோர்னா மட்டும். அதுவும் அவர் சொல்லித் தெரிந்ததில்லை. ஒருமுறை கடைக்கு வந்தவர்களின் குழந்தை முற்றத்துக்கு ஓடி, நிறுத்தி வைத்திருந்த மெத்தை ஒன்றில் ஒரு சின்ன நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போயிருந்தது. வெண்டெல் அதைக் கவனிக்காமல் வில்லை இழுத்தார், கவனித்தார், நின்றார். லோர்னா பின்வாசலில் நின்று காபி ஆறும்வரை பார்த்தாள். பிறகு அவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு அந்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இது இன்னும் விற்கும் போலிருக்கிறது என்றார். அது ஒருவர் இருபது வருடம் படுத்துக் குழியான மெத்தை. லோர்னா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

காட்டுக்குள் சங்கத்துக்கு ஒரு மரவீடு உண்டு, கேம்ப் என்பார்கள். அக்டோபர் பிறந்தால் எல்லோரும் அங்கேதான். கேம்ப்பில் ஒரு வழக்கம். மானுக்கு அம்பு விட்டுத் தவறினால், அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, தவறவிட்டவர் போட்டிருக்கும் சட்டையின் பின்தொங்கலில் ஒரு சாண் வெட்டி, பெயரும் வருடமும் எழுதி, சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர் வேண்டும். சுவர் முழுக்கத் துணி. கட்டம் போட்டது, கோடு போட்டது, பூச்சி அரித்தது. பனி வாரும் வண்டி ஓட்டுகிற டுவேன் போட்ரிக்கு மட்டும் எட்டுத் துண்டு. டுவேனுக்கு அதில் வெட்கம் கிடையாது. புதிதாக வருகிறவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டிக் கதை சொல்வார். எட்டுக்கு நடுவே மூன்று மானும் அடித்திருந்தார்.

வெண்டெலின் துணி அந்தச் சுவரில் இல்லை. மான் கொம்பும் இல்லை. அம்பு விட்டால்தானே இரண்டில் ஒன்று. ஒவ்வொரு வருடமும் அவர் காட்டிலிருந்து ஒரு காரணத்தோடு வருவார். காற்று திரும்பிவிட்டது. குட்டி கூட இருந்தது. வெளிச்சம் ஒரு பொட்டுக் குறைவு. தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் மானை அடிப்பது வேட்டை இல்லை. ஒரு வருடம், மானின் கண்ணில் தான் எதையோ பார்த்ததாகச் சொல்லி, அது என்ன என்று சொல்ல மறுத்துவிட்டார். கேட்டவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வருடம் போகப் போக, மற்றவர்கள் அடித்த மான்களைவிட வெண்டெல் அடிக்காமல் விட்ட மான்களுக்குத்தான் மதிப்பு கூடியது. லெஸ்டர் நியெமி, சங்கத்திலேயே மூத்தவர், வாத்துப் பண்ணைக்காரர், வெண்டெல் விட்ட மான்களை வரிசையாகச் சொல்வார்.

டுவேனும் வெண்டெலும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அதனால் டுவேனுக்கு அவர் ஆழமானவராகத் தெரியவில்லை.

செப்டம்பர்க் கூட்டத்தில், எல்லோரும் இறைச்சியும் கிழங்கும் அடைத்த பாஸ்ட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், டுவேன் எழுந்தார். சாஸைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“தலைவரா இருக்கறவனுக்கு ஒரு மான் இருக்கணும். இல்லாட்டி செவுத்துல ஒரு துண்டாவது தொங்கணும். ரெண்டும் இல்லாதவன் எதுக்குத் தலைவன்? டேய் வெண்டெல், நாங்கல்லாம் மானைத் தவறவிட்டவங்கடா. நீ மானுங்க தவறவிட்ட ஆளு.”

இந்த விதி இந்த வருடத் தேர்தலிலிருந்தே வர வேண்டும் என்றார். வேட்டையின் முதல் வாரம் முடிகிற சனிக்கிழமை ராத்திரிதான் தேர்தல். நியாயமாகத்தான் இருக்கிறது என்று பாஸ்ட்டிகளுக்குப் பின்னாலிருந்து முனகல் வந்தது. வெண்டெல் எழுந்து, விதியை அவரே வழிமொழிந்தார். வில்லுக்கு முன்னால் தலைவன் என்று யாரும் கிடையாது என்று ஒரு வாக்கியமும் சொன்னார். கைதட்டினார்கள். சங்கத் தலைவர் என்பது போய்விட்டால் அவர் ஊரில் மெத்தைக்காரர். அவ்வளவுதான் மிச்சம்.

ஒரு மானை அடிக்கக்கூட வேண்டாம். தவறவிட்டால் போதும். மானைத் தவறவிடுவதற்கு யாருக்கும் பயிற்சி வேண்டாம் என்று தோன்றும். ஆனால் தவறவிடவும் அம்பு முதலில் விரலை விட்டுப் போக வேண்டும்.

சாட்சி யார் என்று ஒரு கேள்வி வந்தது. வெண்டெல் லெஸ்டரின் பக்கம் பார்த்தார். டுவேன் முந்திக்கொண்டார். புதுசாகப் பழகுகிறவர்கள் முதல் பருவத்தில் வில் இல்லாமல், தங்கள் ஆசானோடு கூட உட்கார்ந்து பார்ப்பதுதானே வழக்கம், அந்த மார்சியே பார்க்கட்டும் என்றார். “அவ புதுசு. இன்னும் வேட்டைக்காரன் மாதிரி பேசக் கத்துக்கல.”

அந்த வாரம் முழுவதும் வெண்டெல் காட்டில் உட்கார்ந்தார். திங்கள் முதல் வியாழன்வரை மான் வரவில்லை. வெள்ளியன்று ஒன்று வந்தது. வில்லைத் தூக்கினார், கை நின்றது, மான் போனது. மார்சி அன்று பல் ஆஸ்பத்திரியில் இருந்ததால் அது கணக்கில் வராமல் தப்பியது. சனிக்கிழமை மத்தியானம் லோர்னா பையில் சாப்பாடு வைத்துக் கொடுத்தாள். காரில் ஏறும்போது, “மான்கிட்ட ஒண்ணும் பேசாத. விட்டுடு,” என்றாள். எதை விடுவது என்று அவள் சொல்லவில்லை.

யாரோ ஐம்பது வருடத்துக்கு முன் விட்டுப்போன பண்ணையில், வீடு இடிந்து, ஒரு ஆப்பிள் மரம் மட்டும் நின்றது. அதற்குப் பதினைந்து எட்டுத் தள்ளி, சாய்ந்த தேவதாருக் கிளைகளை அடுக்கி மறைவு கட்டியிருந்தார்கள். வெண்டெலும் மார்சியும் மூன்று மணிக்கே போய் உட்கார்ந்தார்கள். வெண்டெல் தன் துணிகளைச் சோடா உப்பில் துவைத்து, பைன் கிளைகளோடு மூட்டை கட்டி வைத்திருந்து போட்டு வந்திருந்தார். மனித வாடை என்பது மானுக்கு ஒரு கூச்சல் என்று மார்சிக்குச் சொன்னார். பிறகு வெங்காயம் போட்ட பாஸ்ட்டியை எடுத்துச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் பாடம் நடத்தினார். மான் தலையைக் குனியும்வரை அசையக் கூடாது. பக்கவாட்டில் நிற்க வேண்டும், கொஞ்சம் அப்பால் திரும்பியிருந்தால் இன்னும் நல்லது. முன்கால் ஒரு எட்டு முன்னால் போக வேண்டும். அப்போதுதான் நெஞ்சு திறக்கும். முழு மானைப் பார்க்கக் கூடாது, ஒரே ஒரு மயிரைப் பார்க்க வேண்டும். மார்சி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். குறிப்பிட்ட ஒரு மயிரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்க நினைத்தாள் போலிருக்கிறது. அதற்குள் மான் வந்துவிட்டது.

இளம் பெண் மான். ஒன்றும் விசேஷமில்லாத மான். மரத்தடிக்கு வந்து, விழுந்து கிடந்த ஆப்பிள்களில் எது அழுகாதது என்று முகர்ந்து பார்த்துத் தின்ன ஆரம்பித்தது. காற்று சரியாக இருந்தது. வெளிச்சம் தாராளமாக இருந்தது. குட்டி கூட இல்லை. அது அவரைப் பார்க்கவும் இல்லை. பக்கவாட்டில் நின்று, கொஞ்சம் அப்பால் திரும்பி, முன்காலை ஒரு எட்டு முன்னால் வைத்தது. பல வருடமாக வெண்டெல் சேர்த்து வைத்திருந்த காரணங்களில் ஒன்றைக்கூட அந்த மான் மிச்சம் வைக்கவில்லை.

வெண்டெல் எழுந்தார். இழுத்தார். நடுவிரல் வாயோரத்தைத் தொட்டது. அம்பு முனை மானின் வயிற்றுக்குக் கீழே, புல்லில் நின்றது. மேலே ஏறவில்லை. அவர் அந்தக் கையை வேறொருவர் கையைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். போகட்டும், புல்லிலேயே விட்டால்கூடத் தவறியதுதானே என்று நினைத்தார். விரல் திறக்கவில்லை. அதற்கும் அதே விரல்தான் திறக்க வேண்டும். நாணை மெதுவாக இறக்கினார். மான் அடுத்த ஆப்பிளுக்குப் போனது.

இரண்டாம் முறையும் அப்படியே. அவர் மூச்சு அவருக்கே கேட்டது. மார்சி அவரைப் பார்க்காமல் மானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நல்ல மனதால்தான் என்று அவருக்குப் புரிந்தது, புரிந்ததால் இன்னும் வேர்த்தது. கண்ணுக்குள் சுவரும், அதில் டுவேனின் எட்டுத் துண்டும், பக்கத்தில் வெறும் பலகையும் தெரிந்தன. இன்று சனிக்கிழமை. இந்த மான் தின்று முடித்தால் இன்னொரு மான் வருவதற்கு வெளிச்சம் இருக்காது.

மூன்றாம் முறை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

உடனே முற்றம் வந்தது. மெத்தைகள் வந்தன. தோள்பட்டைகள் ஒன்றை ஒன்று தேடி நெருங்கின. நாண் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. அவசரமே இல்லை. விரல்கள் தம்மை மறந்தன. அவர் ஆயுளில் எய்த அம்புகளிலேயே அழகான அம்பு அதுதான். வில் பிடித்த கை இம்மி இறங்கவில்லை. தொலைவில் ‘தக்’ என்று சத்தம் கேட்டது. பாடப்படி அவர் அசையாமல் நின்றார். நிற்பது சுகமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் நின்றார்.

கண்ணைத் திறந்தபோது அம்பு ஆப்பிள் மரத்தின் அடியில் குத்தி நின்றது. மான் அதன் பக்கத்தில் நின்று, இறகை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை நக்கியது. பிறகு, கடையில் மெத்தையை அழுத்திப் பார்த்துவிட்டு விலை கேட்காமல் போகிறவர்களைப் போல, அவசரமில்லாமல் காட்டுக்குள் போனது.

“தவறிடுச்சு,” என்றார் வெண்டெல். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவரால் சரியாக மறைக்க முடியவில்லை.

“ஆமா,” என்றாள் மார்சி.

கேம்ப்புக்குத் திரும்பும் பாதையில் வெண்டெல் முன்னால் நடந்தார். பாதி தூரம் வந்ததும் நின்று, பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டே பேசினார். சாட்சி என்பது பெரிய பொறுப்பு என்றார். பார்த்ததையெல்லாம் கொட்டுவது சாட்சி இல்லை, முக்கியமானதை மட்டும் எடுத்து வைப்பதுதான் சாட்சி என்றார்.

“எது முக்கியம்?” என்று மார்சி கேட்டாள்.

“மான் இருந்துச்சு. அம்பு போச்சு. படல.”

“கண்ணு?”

வெண்டெல் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டார். “எல்லாத்தையும் கேக்க மாட்டாங்க,” என்றார்.

“சரி. கேக்காததைச் சொல்ல மாட்டேன்.”

அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பாதி இருப்பது தெரிந்தது.

கேம்ப்பில் அடுப்பு கனன்றது. போன வருடத்து மான் கறியை லெஸ்டர் கேரட் போட்டு வேகவைத்திருந்தார். நீள மேஜையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வெண்டெல் தவறவிட்டார் என்ற செய்தி அவர்களுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. எப்படி என்று தெரியவில்லை, கேம்ப்பில் எல்லாம் அப்படித்தான். லெஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாம் எல்லோரும் தவறவிடுகிறவர்கள்தான், ஆனால் உன் தவறைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்றார். வெண்டெல் அடக்கமாகத் தலையைச் சாய்த்தார்.

டுவேன் கம்பளி கத்தரிக்கிற பெரிய கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு, சாட்சியைக் கேட்க வேண்டும் என்றார். மார்சி கரண்டியைக் கீழே வைத்தாள். மான் இருந்ததா? இருந்தது. அம்பு விட்டாரா? விட்டார். பட்டதா? படவில்லை. மேஜையைச் சுற்றி ஆமோதிப்பு எழுந்தது. ஒருவர் ஆணியைத் தேட எழுந்துவிட்டார்.

“இரு. அம்பு எங்க குத்துச்சு?” என்றார் டுவேன்.

“ஆப்பிள் மரத்துல. அடியில.”

“மான் எங்க நின்னுச்சு?”

மார்சி வெண்டெலைப் பார்த்தாள். கேட்டுவிட்டார்களே என்ற பார்வை. “மரத்துக்குப் பக்கவாட்டுல. ஒரு மூணு எட்டு தள்ளி.”

டுவேன் நாற்காலியில் சாய்ந்தார். மேஜை முழுக்க ஒருமுறை பார்த்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் இந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

“பதினஞ்சு எட்டுல நிக்கற மான். அதுக்கு மூணு எட்டு தள்ளி அம்பு போவுது. என் செத்துப்போன அத்தை கூட அதைவிடக் கிட்டத்துல விடுவா. எப்படிடா விட்ட? கண்ண மூடிக்கிட்டா?”

“ஆமா,” என்றாள் மார்சி.

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. மேஜையின் கோடியில் இரண்டு பேர் தங்கள் வலது கை விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது ஒருவர் கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனார். வெண்டெல் தன் தட்டிலிருந்த கேரட்டைப் பார்த்தார். இப்போது யாராவது ஒருவர் ‘அது’ என்று சொல்லப்போகிறார். நாளைக் காலையில் ஊர் முழுக்கத் தெரியும். முதுகுவலி என்று வருகிறவர்கள் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் வில்லைப் பார்த்துவிட்டு, பாவம் என்பார்கள்.

லெஸ்டர் நியெமி வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“மெத்தைக்கு விடற மாதிரியா?” என்று மார்சியைக் கேட்டார்.

“அதே மாதிரிதான். கால், தோள், விரல், எல்லாமே. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எதுவும் மாறல.”

“உசிரோட ஒரு மான் எதிர்ல நிக்குது,” என்றார் லெஸ்டர். “செவுத்துல ஒரு துண்டு இல்லாட்டி பதவி போயிடும். அப்பவும் அவன் சொன்ன பாடத்தை மாத்தல. நம்மள்ல யாருக்கு அந்த நெஞ்சு இருக்கு?”

யாரும் தனக்கு இருப்பதாகச் சொல்லவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் முதலில் தலையாட்டினார்கள். கையை மறைத்தவர் அதை மேலே எடுத்து மேஜையில் வைத்தார். சும்மா பிதற்றாதீர்கள், ஆளுக்கு நோய் என்று டுவேன் சொல்ல ஆரம்பித்தார். நோயின் பெயர் வாயில் வரும் இடத்தில் மேஜை மொத்தமும் அவரை அதட்டியது. கேம்ப்பில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பது அவரும் போட்ட விதிதான்.

வெண்டெல் மெதுவாகத் தலையைத் தூக்கினார். புன்னகைத்தார்.

“கண்ணுக்கு ஆசை உண்டு,” என்றார். “கைக்கு ஆசை கெடையாது.”

அது என்ன அர்த்தம் என்று அவருக்கே அப்போது தெரியாது. ஆனால் சொன்ன பிறகு நன்றாக இருந்தது. அடுத்த வாக்கியம் தானாக வந்தது; அதற்கடுத்தது அதற்கு முந்தியதைவிட நன்றாக இருந்தது. மானைக் குறிபார்த்து அடிப்பவன் இறைச்சிக்கு எய்கிறான், பார்க்காமல் எய்பவன் எய்வதற்காகவே எய்கிறான் என்றார். இந்த நிலைக்கு வர ஒன்பது வருடம் பிடித்தது என்றார். அதில் பொய் இல்லை. புளுபெரிப் பழம் அடைத்துச் சுட்ட பை மேஜைக்கு வருவதற்குள் அவரே அதை முழுக்க நம்பிவிட்டார். அடுத்த கோடையில் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் ஒரு வாரம் மெத்தைக்கு வர வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மார்சி மட்டும், அப்படியென்றால் மான் சாப்பிட வேண்டியவர்கள் என்ன செய்வது என்று கேட்டாள். எல்லோரும் அவளை அன்போடு பார்த்தார்கள். புதுசு.

கை தூக்கச் சொன்னார்கள். டுவேனைத் தவிர எல்லாக் கையும் வெண்டெலுக்கு எழுந்தது.

இனித் துணி வெட்ட வேண்டியது பாக்கி. வழக்கப்படி, அதிகத் துண்டு வைத்திருப்பவர்தான் வெட்ட வேண்டும். டுவேன் கத்தரிக்கோலோடு வெண்டெலுக்குப் பின்னால் வந்தார். சாப்பாட்டுக்காக வாரைத் தளர்த்தியிருந்த கால்சட்டைக்குள்ளிருந்து துணியைப் பிடித்து, தேவைக்கு அதிகமாகவே இழுத்து, ஒரே வெட்டாக வெட்டி, பார்க்கவும் பார்க்காமல் வெண்டெல் கையில் திணித்தார். போய் உட்கார்ந்து புளுபெரி பையைச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஆணியைத் தானே அடிப்பதாக வெண்டெல் சொன்னார். சுத்தியலை வாங்கிக்கொண்டு, மேஜைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றார். இது தோல்வியின் துணி அல்ல என்று சுவரிடம் சொன்னார். நெடுவில் மரபு, சக்கர வில்காரர்களின் வெறுமை, கண்ணின் பொய், கையின் மெய் என்று ஏற்புரை வளர்ந்தது. நடுவில் இடுப்புக்குக் கீழே சில்லென்று காற்று பட்டது. யாரோ கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று நினைத்தார். பின்னால் முதலில் பேச்சு நின்றது. பிறகு ஒருவர் இருமினார். பிறகு கைதட்டல் எழுந்து, வழக்கத்தைவிட நீண்டு, நிற்கிற மாதிரித் தெரியவில்லை. லெஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. வெண்டெல் பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

குளிருக்காக அவர் உள்ளே போட்டிருந்தது கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாகத் தைத்த கம்பளி உள்ளாடை. டுவேன் சட்டையோடு சேர்த்து அதன் பின்பக்கத்தையும் ஒரு சாண் வெட்டியிருந்தார்; வார் தளர்ந்து இறங்கிய கால்சட்டை மிச்சத்தை மேஜைக்குக் காட்டிக்கொண்டிருந்தது.